பழைய பிக்கப் வண்டியில் நள்ளிரவில் தானாக ஒலிக்கும் அலாரம்: காரணம் கண்டறிய உதவி வேண்டும்

முத்துநகர் வாசி | 8 ஜனவரி 2024, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் மீன் வியாபாரத்துக்காக நான் ஓட்டும் 2008ஆம் ஆண்டு டபுள் கேப் டீசல் பிக்கப்பின் பாதுகாப்பு அலாரம், இரண்டு வாரத்துக்கும் மேலாக நள்ளிரவில் யாரும் தொடாமலேயே ஒலிக்கிறது. பெரும்பாலும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் தொடங்குகிறது. ரிமோட்டால் நிறுத்திவிட்டு வந்து படுத்தால் அரை மணி நேரத்தில் மறுபடியும் அலறுகிறது. பகல் முழுவதும் துறைமுக வாசலில் பூட்டி நிறுத்தியிருந்தாலும் ஒரு சத்தமும் இல்லை.

வண்டியை 2019இல் இரண்டாம் கையாக வாங்கினேன். அலாரம் முந்தைய உரிமையாளர் வெளியே கடையில் பொருத்தியது. அதன் கையேடும் இல்லை, பொருத்தியவர் யாரென்றும் தெரியாது. டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையில், எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் வண்டியின் ஃபுட்போர்டைத் தொட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை. அலாரத் தொல்லை அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் தொடங்கியது.

ஒரு மெக்கானிக் பேட்டரி பலவீனம் என்றார். புதிதாக 65 ஆம்பியர்-மணி பேட்டரி போட்டேன், பயனில்லை. இன்னொருவர் மொத்தத்தையும் வெட்டி எறியலாம் என்றார். ஆனால் அந்த வயர்கள் சாவி வயரிங்கோடு பின்னிக்கிடப்பதால், வெட்டினால் வண்டி கிளம்பாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். எதிர் வீட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் நேற்று வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை, ஒன்றும் சொல்லாமல் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். இதைச் சீக்கிரம் சரிசெய்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

சேலம் சக்கரம் | 8 ஜனவரி, இரவு 10.15

டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஷாக் சென்சார் (அதிர்வை உணரும் கருவி) ஒன்று ஒட்டியிருக்கும். அதில் சிறிய திருகு போன்ற அமைப்பு உண்டு. அதை இடப்பக்கம் திருப்பி உணர்திறனைக் குறைத்துவிடுங்கள். பத்தில் எட்டு வண்டிகளில் அதுதான் காரணம்.

ரிலே கோவை | 8 ஜனவரி, இரவு 11.05

சேலம் நண்பர் சொல்வது பல வண்டிகளுக்குப் பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் ஷாக் சென்சார் காரணம் என்றால், லாரி போகும் பகல் நேரத்திலும் அலாரம் ஒலித்திருக்க வேண்டும். துறைமுக வாசலில் நாள் முழுக்க அமைதியாக இருந்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு இரண்டு மணிக்கு மட்டும் ஒலிக்கும் அலாரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஈரத்தைத்தான். வெயில் ஏறினால் காய்வதும் பனி இறங்கினால் நனைவதுமான ஏதோ ஒன்று இதற்குப் பின்னால் இருக்கிறது.

நான் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக 22 ஆண்டுகள் வேலை செய்தவன். வெளியே வாங்கிப் பொருத்தும் அலாரங்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நடுவில் இருக்கும் யூனிட், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டி, தானாக எதையும் பார்ப்பதில்லை. அது நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சாட்சி சொல்பவை வேறு. கதவு ஸ்விட்ச்களிலிருந்து வரும் ஒரு வயர், பானெட் ஸ்விட்சிலிருந்து வரும் ஒரு வயர், ஷாக் சென்சார், சாவி போட்டால் மின்சாரம் வரும் வயர் ஆகிய நான்கும்தான் சாட்சிகள். இவற்றில் எது பொய் சொல்கிறது என்று தெரியாமல் யூனிட்டை மாற்றுவதும் பேட்டரியை மாற்றுவதும் வீண்செலவு.

எந்தச் சாட்சி என்று யூனிட்டையே கேட்கலாம். இவ்வகை அலாரங்கள் பலவற்றில், ஒலித்து அடங்கிய பிறகு ரிமோட்டால் திறந்து சாவியைப் போட்டால், டேஷ்போர்டில் உள்ள சிறிய சிவப்பு எல்.இ.டி குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிமிட்டி நிற்கும். அந்த எண்ணிக்கை எதைக் குறிக்கிறது என்பது யூனிட்டுக்கு யூனிட் மாறும். உங்களிடம் கையேடு இல்லையென்றாலும் கவலையில்லை, அகராதியை நீங்களே உருவாக்கிவிடலாம்.

நாளை பகலில் வண்டிக்குள் உட்கார்ந்து, கதவுகளைச் சாத்தி ரிமோட்டால் பூட்டுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, உள்ளிருந்தே ஒரு கதவைத் திறந்து அலாரத்தை ஒலிக்க விடுங்கள். நிறுத்தி, சாவி போட்டு, சிமிட்டலை எண்ணுங்கள். அது கதவுக்கான எண். மறுபடி பூட்டி, உள்ளேயிருந்து பானெட் லீவரை இழுத்து, வெளியே நிற்பவரைத் தூக்கச் சொல்லுங்கள். அது பானெட்டுக்கான எண். மூன்றாவதாக உள்ளங்கையால் கூரைத் தூணில் ஓங்கித் தட்டுங்கள். நான்காவதாகச் சாவியைத் திருப்புங்கள். நான்கையும் தாளில் எழுதி வையுங்கள். இரவில் அலாரம் ஒலித்தால், உடனே வந்து படுத்துவிடாமல் சிமிட்டலை எண்ணி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி டெர்மினலில் இரவு பத்து மணிக்கும் விடியற்காலையிலும் என்ன வோல்ட் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதற்கு முன் எந்த வயரையும் வெட்டாதீர்கள்.

வன்னி டபுள்கேப் | 9 ஜனவரி, காலை 6.30

வணக்கம். நான் வவுனியாவில் இருக்கிறேன். என்னுடையதும் பழைய டபுள் கேப் வாகனம்தான், எனக்கும் இதே போன்ற கஷ்டம் வந்தது. ஆனால் காரணம் வேறு. ரிலே கோவை ஐயா சொன்ன நான்கு சாட்சிகளுக்கும் வெளியே ஐந்தாவது ஒன்று இருக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

என் சைரன் பற்றரியைக் கழற்றினாலும் நிற்காமல் கத்தியது. பிறகுதான் சைரனுக்குள்ளேயே சிறிய பற்றரி வைத்த வகை அது என்று தெரிந்தது. கள்ளன் பிரதான பற்றரியின் வயரை வெட்டினாலும் சைரன் ஒலிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதன் பக்கவாட்டில் நிறுத்துவதற்கென்று ஒரு சிறு சாவித் துளையும் இருக்கும். பத்து வருடங்களுக்கு மேல் எஞ்சின் சூட்டில் கிடந்த அந்தப் பற்றரிகள் வெடித்து, உள்ளேயிருந்த திரவம் கசிந்து, சர்க்யூட் பலகை முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சைரன் தன் பாட்டிலேயே ஒலித்ததற்கு அதுவே காரணம். உட்பற்றரி இல்லாத சாதாரண சைரன் ஒன்றை மாற்றியதோடு முடிந்தது.

உங்கள் அலாரம் ஒலிக்கும்போது சிக்னல் விளக்குகளும் சேர்ந்து எரிகின்றனவா என்று பாருங்கள். விளக்குகள் எரியாமல் சைரன் மட்டும் கத்தினால் சைரனைச் சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்தால் யூனிட்டே உத்தரவு கொடுக்கிறது என்று அர்த்தம்.

முத்துநகர் வாசி | 10 ஜனவரி, காலை 7.20

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. வன்னி அண்ணா கேட்டதற்கு முதலில் பதில்: நான்கு சிக்னல் விளக்குகளும் சைரனோடு சேர்ந்தே எரிகின்றன. சைரனில் சாவித் துளை எதுவும் இல்லை. நேற்று பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிப் பார்த்தபோது அது ஒலிக்கவும் இல்லை.

நேற்று மதியம் தம்பியை உடன் வைத்துக்கொண்டு அகராதி எழுதினேன். தூணில் தட்டினால் 1, பானெட் திறந்தால் 2, கதவு திறந்தால் 3, சாவி திருப்பினால் 4. இரவு அலாரம் 2.35க்கு ஒலித்தது. ஓடிப்போய் நிறுத்திவிட்டு எண்ணினேன்: 2. மறுபடி 3.10க்கு ஒலித்தபோதும் 2. பேட்டரி இரவு பத்து மணிக்கு 12.68 வோல்ட், காலை ஐந்தரைக்கு 12.55.

காலையில் பானெட்டைத் திறந்து அந்த ஸ்விட்சைப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளாக அதைக் கடந்துதான் ஆயில் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் கம்பி பாதி உயரத்தில் துருவில் சிக்கி நின்றது. விரலால் அழுத்தினால் இறங்குகிறது. விட்டால் முழுதாக எழவில்லை. அடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

ரிலே கோவை | 10 ஜனவரி, காலை 9.00

தம்பி, நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். பேட்டரியில் குறையில்லை. ஓட்டி நிறுத்திய வண்டியின் மின்னழுத்தம் இரவில் அந்த அளவு இறங்குவது இயல்பு. முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும், 12.2க்கு வந்தால்தான் பாதி தீர்ந்தது என்று கொள்ள வேண்டும்.

பானெட் ஸ்விட்ச் செயல்படும் விதம் எளியது. பானெட் மூடியிருக்கும்போது கம்பி அழுந்தி, வயருக்கும் வண்டியின் உடலுக்கும் தொடர்பு அறுந்திருக்கும். திறந்தால் கம்பி எழுந்து, வயர் எர்த்தாகும், அதாவது வண்டியின் உடலோடு தொடர்பு பெறும். யூனிட்டுக்கு அதுதான் செய்தி. துருவும் உப்பும் படிந்த ஸ்விட்சில் பனி இறங்கினால், பானெட் மூடியிருக்கும்போதே அந்த ஈரம் வழியாக வயர் எர்த்துக்குக் கசியும். யூனிட் திறந்துவிட்டதாக நம்பும்.

இன்று புது ஸ்விட்ச் வாங்கவும் வேண்டாம். அந்த ஒற்றை வயரை ஸ்விட்சிலிருந்து உருவி, முனையை டேப்பால் சுற்றி விட்டுவிடுங்கள். வயர் எர்த்தாகாத வரை யூனிட் பானெட் மூடியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு இரவு பாருங்கள். ஓர் இரவில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

முத்துநகர் வாசி | 12 ஜனவரி, காலை 6.10

முதல் இரவு முழு அமைதி. மூன்று வாரத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். ஆனால் இன்று அதிகாலை 3.50க்கு மறுபடியும் ஒலித்தது. சிமிட்டல் 3. நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாக அறைந்து சாத்திப் பூட்டினேன். 4.25க்கு மீண்டும் 3.

சேலம் சக்கரம் | 12 ஜனவரி, காலை 8.40

இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் குறை வருவது அபூர்வம். யூனிட்டே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். புது யூனிட் போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

ரிலே கோவை | 12 ஜனவரி, காலை 10.30

இரண்டு இடங்கள் என்றாலும் இரண்டையும் நனைத்தது ஒரே வெள்ளம்தானே. எனவே இதை அபூர்வம் என்று சொல்ல மாட்டேன். முதல் சாட்சி அடங்கியதால் இரண்டாவது வெளியே தெரிகிறது. யூனிட் இதுவரை நம்மிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

தம்பி, உங்கள் வண்டி போன்ற பழைய வயரிங்கில் கதவு ஸ்விட்ச்கள் எல்லாம் ஒரே வயரில் சேர்ந்து, கேபின் விளக்குக்குப் போகும். பேட்டரியின் பாசிட்டிவ் முதலில் விளக்குக்கு வருகிறது. விளக்கைக் கடந்து கதவு ஸ்விட்சுக்கு வருகிறது. எந்தக் கதவு திறந்தாலும் அங்கே எர்த்தாகி விளக்கு எரிகிறது. அலாரம் பொருத்துபவர்கள் விளக்குக்கும் ஸ்விட்சுக்கும் இடையில் ஒட்டுப் போட்டு யூனிட்டுக்கு ஒரு வயர் இழுப்பார்கள். அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் கால் வைக்கும் இடத்தின் ஓரத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கே மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் வண்டியின் உடலில் கறுப்பு முனையையும் வைத்து, எல்லாக் கதவுகளும் மூடிய நிலையில் பகலில் ஒருமுறையும், அலாரம் ஒலிக்கும் நேரத்தில் ஒருமுறையும் மின்னழுத்தத்தை அளந்து சொல்லுங்கள். ஓர் இரவு நீங்கள் வண்டிக்குள் விழித்திருக்க வேண்டிவரும்.

வெள்ளத்துக்குப் பிறகு கேபினுக்குள் ஏதாவது மாற்றினீர்களா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

கொல்லிமலை ஓட்டுநர் | 12 ஜனவரி, மதியம் 1.15

வயரை வெட்டினால் வண்டி கிளம்பாதோ என்ற முதல் பதிவின் கேள்வி விடுபட்டு நிற்கிறது. அதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மலையிலிருந்து மிளகும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு இறங்குபவன். எங்கள் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலாரத்தைப் பொருத்தியவர், அதன் எஞ்சின் நிறுத்தும் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சை) ஸ்டார்ட்டர் வயரில் வைக்காமல், டீசல் பம்ப்பின் சோலெனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வுக்கு) போகும் வயரில் வைத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. ஒருநாள் இறக்கத்தில், வளைவுக்குள் நுழைந்த நேரத்தில் ரிலேயின் ஒட்டு தளர்ந்து எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. எஞ்சின் நின்றால், பிரேக் மிதிக்கு வலுவூட்டும் வாக்குவம் பம்ப்பும் நிற்கும். பிரேக்கில் ஏற்கெனவே சேர்ந்திருந்த வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வந்தது. கியரிலேயே வைத்து, மலைப்பக்கச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தினேன். வண்டியில் என் மனைவியும் இருந்தார்.

அலாரத்தை வைத்துக்கொள்வதோ எடுப்பதோ உங்கள் விருப்பம். ஆனால் அந்த ரிலே எந்த வயரில் இருக்கிறது என்பதை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்.

ரிலே கோவை | 12 ஜனவரி, மாலை 6.20

கொல்லிமலை நண்பர் சொன்னதை இந்த இழையைப் படிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் வண்டியில் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரிலே ஸ்டார்ட்டர் வயரில் மட்டும் இருந்தால், அது கெட்டாலும் நிறுத்திய வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். ஓடும் வண்டி நிற்காது. எரிபொருள் வயரில் இருந்தால் ஓடும் வண்டியை நிறுத்தும் வல்லமை அதற்கு வந்துவிடுகிறது. என் கடையில் யார் கேட்டாலும் அப்படிப் பொருத்த மாட்டேன்.

ரிலேயை அடையாளம் காண, அதன் அடியில் எண்களைப் பாருங்கள். 30 என்ற முனைக்கும் 87ஏ என்ற முனைக்கும் இடையில்தான் வழக்கமாக ஸ்டார்ட்டர் வயரை வெட்டி இணைத்திருப்பார்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது இந்த இரண்டும் தொடர்பில் இருக்கும். 85, 86 முனைகளுக்கு மின்சாரம் வந்தால் தொடர்பு அறும். அலாரத்தை முழுவதுமாக எடுக்க விரும்பினால், ரிலேயைக் கழற்றி, 30இலும் 87ஏயிலும் இருந்த இரண்டு தடித்த வயர்களையும் சால்டரிங் செய்து இணைத்து உறையிட்டால், வண்டி பழையபடி கிளம்பும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி, ஓராண்டில் அவிழ்ந்துவிடும்.

வைகைக் கரை | 12 ஜனவரி, இரவு 8.00

ஒரு சிறு குறிப்பு. ஆராய் (ARAI, இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்காகக் காப்பீட்டில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி பெற்றிருந்தால், கருவியை எடுப்பதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முத்துநகர் வாசி | 14 ஜனவரி, காலை 8.45

பாலிசியில் அப்படி எந்தத் தள்ளுபடியும் இல்லை. ரிலே ஸ்டார்ட்டர் வயரில்தான் இருக்கிறது. கொல்லிமலை அண்ணனுக்கு நன்றி.

இனி நேற்றிரவு நடந்ததை எழுதுகிறேன். ஓரத் தகட்டைக் கழற்றியதும் ஒட்டு கிடைத்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே 11.6 வோல்ட். இரவு ஒரு மணிக்குப் போர்வையோடு பின் இருக்கையில் படுத்தேன். மல்டிமீட்டரின் வயர்களை ஒட்டில் கவ்வவிட்டு, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றரைக்கு 11.2. இரண்டரைக்கு 8.7. கண்ணாடிகளில் பனி படிந்து வெளியே தெருவிளக்கு கலங்கலாகத் தெரிந்தது. மூன்றேகாலுக்கு 4.1க்கு வந்து அதற்குக் கீழே இறங்காமல் நின்றது. அடுத்த நொடியே சைரன்.

நிறுத்திவிட்டு மறுபடி பூட்டி இருட்டில் படுத்திருந்தபோது ஒன்றைக் கண்டேன். தலைக்கு மேலே கேபின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தது என்று சொல்வதுகூட அதிகம். மின்மினியின் வயிற்றில் இருக்கும் அளவுக்கு, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் வெளிச்சம். கதவுகள் எல்லாம் மூடியிருந்தன.

அப்போதுதான் ரிலே அண்ணன் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு கேபின் விளக்கின் பழைய குண்டு பல்பு ஃபியூஸ் போயிருந்தது. கடையில் எல்.இ.டி பல்பு கொடுத்தார்கள், மாட்டினேன். வெளிச்சம் நன்றாக இருந்ததால் அதைப் பற்றி மறந்தே போனேன்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கதவு ஸ்விட்ச்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முன் இரண்டிலும் மாற்றமில்லை. பின் இடது கதவு ஸ்விட்சின் வயரை உருவியதும் மேலே அந்த மங்கல் வெளிச்சம் சட்டென்று அணைந்தது, மீட்டர் 11.5க்கு ஏறியது. செருகினேன், மீண்டும் மங்கலாக எரிந்தது. உருவினேன், அணைந்தது. நான்கைந்து முறை அப்படியே செய்துகொண்டிருந்தேன். வெள்ளத் தண்ணீர் அதிக நேரம் நின்றது அந்தப் பக்கத்தில்தான்.

ரிலே கோவை | 14 ஜனவரி, காலை 11.40

தம்பி, அந்த 4.1 என்ற எண்ணும் மங்கல் வெளிச்சமும் முழுக் கதையையும் சொல்லிவிட்டன. இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பழைய வண்டிகளில் எல்.இ.டி மாட்டும் பலருக்கும் இது வரும். வந்தால் யூனிட்டின் மீதுதான் பழி விழும்.

பழைய குண்டு பல்பு ஒரு மெல்லிய இழைதான். 10 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 14 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதைவிடப் பல மடங்கு குறைவு. எனவே கதவு மூடியிருக்கும்போது, அந்த இழை வழியாக பேட்டரியின் முழு 12 வோல்ட்டும் அலாரத்தின் கதவு வயரில் உறுதியாக நிற்கும். கதவு ஸ்விட்சில் ஈரம் படிந்து இருபதாயிரம் ஓம் அளவுக்கு எர்த் கசிந்தாலும், அந்தக் கசிவால் வயரின் மின்னழுத்தத்தை அசைக்கவே முடியாது. கேபின் பல்பு, தான் அறியாமலேயே அலாரத்துக்குத் தூணாக நின்றிருக்கிறது.

எல்.இ.டி அப்படியில்லை. 12 வோல்ட்டுக்கான பல்புகளில் பொதுவாக மூன்று வெள்ளை எல்.இ.டிகள் வரிசையாக இருக்கும். அவை எட்டு வோல்ட் அளவுக்குக் குறையாமல் கிடைத்தால்தான் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதுவரை கிட்டத்தட்ட அறுந்த வயர்தான். ஆகவே கதவு வயர் யூனிட்டுக்குள் இருக்கும் பலவீனமான ஓர் ஆதரவை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஸ்விட்சில் ஈரம் ஏற ஏற, வயரின் மின்னழுத்தம் சரிந்தது. 12.4இலிருந்து எட்டுச் சொச்சத்தைக் கழித்தால் நான்கு வருகிறதல்லவா? அந்த இடத்தில் எல்.இ.டி துளியளவு கடத்தத் தொடங்கியதால் சரிவு நின்றது. அந்தத் துளிதான் நீங்கள் பார்த்த மின்மினி வெளிச்சம். ஆனால் நான்கு வோல்ட்டை யூனிட் கதவு திறந்ததாகவே எடுத்துக்கொண்டது.

வெள்ளத்தால் ஸ்விட்ச் கெட்டிருந்தாலும் பழைய பல்பு இருந்திருந்தால் இது வெளிப்பட்டிருக்காது. ஸ்விட்ச் காய்ந்திருந்தால் எல்.இ.டியும் தொல்லை தந்திருக்காது.

செய்ய வேண்டியவை: பின் இடது கதவு ஸ்விட்சையும் பானெட் ஸ்விட்சையும் புதிதாக மாற்றுங்கள். பொருத்தும் இடத்தில் துருவைச் சுரண்டி, ஸ்விட்சின் உடல் வெறும் தகட்டைத் தொடும்படி செய்துவிட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். எல்.இ.டியை வைத்துக்கொள்ள விரும்பினால், விளக்கின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டரிங் செய்யுங்கள். அது பழைய இழையின் வேலையைச் செய்யும். கதவு திறந்திருக்கும்போது அதில் 12 மில்லி ஆம்பியர்தான் ஓடும், சூடாகாது. கதவு மூடினால் அதுவும் இல்லை. வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஒருநாள் நிதானமாக, பூட்டி அரை மணி நேரம் கழித்து, நெகட்டிவ் வயருக்கும் டெர்மினலுக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, ஓய்வில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

முத்துநகர் வாசி | 21 ஜனவரி, இரவு 9.15

பொங்கல் விடுமுறையில் எல்லா வேலைகளையும் முடித்தேன். இரண்டு ஸ்விட்ச்களும் ரெசிஸ்டரும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. பேட்டரிக்கு நான் வீணாகக் கொடுத்தது அதைப்போல் பத்து மடங்கு. 16ஆம் தேதி இரவிலிருந்து இன்றுவரை அலாரம் ஒருமுறையும் தானாக ஒலிக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, நல்ல பனியில், கதவு வயரில் 12.5 வோல்ட் நின்றதை நானே எழுந்துபோய்ப் பார்த்தேன்.

ஓய்வு கரண்ட் 180 மில்லி ஆம்பியர் வந்தது. நாளொன்றுக்கு நான்கு ஆம்பியர்-மணிக்கு மேல். நவம்பரில் ஒன்பது நாள் ஊரில் இல்லாதபோது பழைய பேட்டரி செத்துக்கிடந்ததன் காரணம் இப்போது புரிகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவியபோது, அலாரத்தின் ஃபியூஸை எடுத்ததும் 10க்கு இறங்கியது. யூனிட்டைத்தான் சந்தேகித்தேன். ஆனால் அதன் பாசிட்டிவ் வயரைத் தடவிக்கொண்டே போனதில், டேஷ்போர்டின் உள்மூலையில் அதே வயரில் ஒட்டுப் போட்டு இன்னொரு கறுப்புப் பெட்டி ஒளிந்திருந்தது. முந்தைய உரிமையாளர் பொருத்திய ஜிபிஎஸ் கருவி. அதை எடுத்ததும் மொத்தம் 35தான். யூனிட்டின் பங்கு 25.

எல்லா வயர்களையும் நிறத்தோடு ஒரு தாளில் வரைந்து, சிமிட்டல் எண்களையும் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். எதிர் வீட்டு முதியவர் இன்று மாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி சரியாகிவிட்டதா என்று அவரே கேட்டார்.

ரிலே கோவை | 21 ஜனவரி, இரவு 10.00

மிக்க மகிழ்ச்சி, தம்பி. மற்ற மூன்று கதவு ஸ்விட்ச்களும் அதே வயதுடையவை. அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அவற்றின் ரப்பர் உறைகளையும் பார்த்துவிடுங்கள். ஜிபிஎஸ் கருவியை எடுத்த இடத்தில் ஒட்டு திறந்து கிடந்தால் உறையிட்டு மூடுங்கள். அது பேட்டரியின் நேரடி பாசிட்டிவ்.

வன்னி டபுள்கேப் | 22 ஜனவரி, காலை 6.50

இதைப் படித்த பிறகு நானும் நேற்றிரவு என் வாகனத்தில் அளந்து பார்த்தேன், ஏனென்றால் நானும் சென்ற வருடம் கேபினுக்குள் எல்.இ.டி பல்பு மாட்டியிருந்தேன். கதவு வயரில் இரவு பத்து மணிக்கு 11.4, அதிகாலை நான்கு மணிக்கு 9.8. அலாரம் ஒலிக்கவில்லை, ஆனால் சரிவு இருக்கிறது. வலது முன்கதவு ஸ்விட்சின் ரப்பர் வெடித்திருக்கிறது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இங்கே டவுன் கடையில் கால் வாட்டில்தான் கிடைக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் வந்தால் அதில் எவ்வளவு சூடு பிறக்கும், கால் வாட் தாங்குமா என்று ஐயா சொல்ல வேண்டும்.

ரிலே கோவை | 22 ஜனவரி, காலை 9.10

14.4 வோல்ட்டில் 0.21 வாட். கால் வாட்டுக்குள் வந்தாலும் விளிம்பில் நிற்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சரக்கு ஏற்றினால் சுடும். 2.2 கிலோ ஓம் இரண்டு வாங்கி அருகருகே இணையுங்கள். மொத்தம் 1.1 கிலோ ஓம் வரும், சூடு இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். ஸ்விட்சை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.